எத்தனை குரோஸ்?

என் செருப்பின் விலையை அம்மாவிடம் உள்ளபடி சொன்னது 2003இல். எழுநூற்றைம்பது ரூபாய். கோவில்பட்டி வீட்டு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய், காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் செருப்பைக் காணவில்லை. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று தெருக்கோடி வரை தேடினேன். அம்மா அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றியிருந்தாள். “ஒன்றரை மாத ஒட்டலை யாராவது வாசலில் போட்டுவிட்டு வருவார்களா, தாயி?” என்றாள்.

அன்றிலிருந்து பொய்தான். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ச் சேலை அறுநூறு ஆகும். நாலாயிரம் ரூபாய்க் கைப்பை ‘அலுவலகத்தில் கொடுத்தார்கள்’ ஆகும். என் வயதில், என்னைப் போல ஏணி ஏறி வந்த பலரிடம் கேட்டிருக்கிறேன். பெற்றோரிடம் ஒரு சைபரைக் குறைத்துச் சொல்லாதவர்கள் அபூர்வம். ஆளாளுக்கு ஒரு தள்ளுபடி விகிதமே வைத்திருக்கிறார்கள்.

ஒட்டல் என்றால் தீப்பெட்டி ஒட்டுவது. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ். அப்பா ஆபீஸில் பண்டல் கட்டினார். அம்மா வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள். ஆபீஸிலிருந்து அட்டையும் தாளும் வரும். மயில்துத்தம் கலந்த பசையை அம்மாவே காய்ச்சுவாள். நூற்று நாற்பத்து நான்கு பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில். அதனால் எங்கள் வீட்டில் எந்த விலையும் ரூபாயோடு நின்றதில்லை. ரூபாயிலிருந்து குரோஸுக்கு மாறும், குரோஸிலிருந்து இரவு எத்தனை மணி வரை கண் விழிக்க வேண்டும் என்பதற்கு மாறும், அதன் பிறகுதான் வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சே தொடங்கும். பள்ளியில் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகப் பணம் கேட்டபோது அம்மா மறுக்கவில்லை. “இத்தனை குரோஸ். நீ பாதி ஒட்டு, நான் பாதி ஒட்டுகிறேன்” என்றாள். எட்டு நாள் ஒட்டிவிட்டு, கடலைப் பார்க்கும் ஆசையே விட்டுப்போய் நான்தான் போகவில்லை.

பற்பசை எங்கள் வீட்டில் ஊதாரித்தனம், பல்பொடி இருக்கிறதே. சோடா என்பது காய்ச்சல் வந்தால் மட்டும். ஆளுக்கு ஒரு முழு முட்டை என்பது கல்யாண வீட்டுப் பேச்சு. சந்தையிலிருந்து சுமையோடு பஸ்ஸில் வருவது சோம்பேறித்தனம், ஆகவே அதுவும் ஊதாரித்தனம். எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் ரேடியோ. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அரசு அதை விலக்கியது. வாங்கிய விலை போதாதென்று வருடா வருடம் தண்டம் வேறா என்று அம்மாவுக்கு ஆத்திரம். ரேடியோவைக் கேட்டபடியே ஒட்டுவாள், ஒட்டியபடியே அதைத் திட்டுவாள்.

1994இல் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் அம்மா ஒட்டுவதை நிறுத்தினாள். சம்பளம் 2,800 ரூபாய். சைதாப்பேட்டையில் பெண்கள் விடுதி, பல்லவன் பஸ்ஸுக்கு மாதப் பாஸ், கைப்பையில் கணக்கெழுதும் சின்ன நோட்டு. ஊருக்குப் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போக வேண்டும். இரவு பதினொன்றுக்கு மேல் கால் கட்டணம்தான். ஆனால் எங்கள் தெருவில் தொலைபேசி இருந்தது மளிகைக் கடைக்காரர் வீட்டில். பதினொன்றுக்கு அவரை எழுப்பி அம்மாவைக் கூப்பிடச் சொல்ல முடியுமா? எட்டு மணிக்கே பேசிவிட்டு, அதிகமான காசை நோட்டில் ‘மரியாதை’ என்று எழுதிக்கொள்வேன். அந்த நோட்டு இன்றும் இருக்கிறது. மரியாதைக்கு மாதம் முப்பது ரூபாய்க்குக் குறையாமல் போயிருக்கிறது.

1997இல் எழும்பூர் ரயில் நிலையத்தில், காய்ச்சலோடு ஊருக்குக் கிளம்பும்போது, முதன்முதலாகத் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். பத்து ரூபாய். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்று துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன். அந்தக் காலி பாட்டில் நான்கு ஆண்டுகள் என்னோடு இருந்தது. இன்று வேளச்சேரி வீட்டுக்கு வாரம் நான்கு கேன் வருகிறது. ஒரு கேன் இருபது லிட்டர். அது செலவென்று மனத்தில் பதிவதேயில்லை. 2013இல் தமிழக அரசே லிட்டர் பத்து ரூபாய்க்கு அம்மா குடிநீர் விற்கத் தொடங்கியபோது, அரசு தண்ணீர் விற்கிறதே என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்றுதான் மகிழ்ந்தோம். நடுவில் இருந்த பதினாறு ஆண்டுகளில் எந்த நாளில் மனம் மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்படியொரு நாளே இல்லை.

ரயில் விஷயத்தில் மட்டும் நாள் தெரியும். நான் மென்பொருள் வேலைக்கு மாறி, அதே துறையில் இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு சம்பளம் வரத் தொடங்கிய பிறகு, 2004 பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் முதல் முறையாக மூன்றடுக்கு ஏ.சி.யில் ஏறினேன். விழுப்புரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை. கொடுத்த காசுக்குக் குளிர்ச்சியை முழுதாக அனுபவிக்க வேண்டுமே என்ற கவலை. மூன்றாம் முறை போகும்போது எதிர்ப் படுக்கைக்காரரின் குறட்டைக்கு முகம் சுளித்தேன். ஆறாம் முறை ஏ.சி.யில் இடம் கிடைக்காமல் ஸ்லீப்பரில் போக நேர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, “எப்படித்தான் இதில் போகிறார்களோ!” என்றேன். பத்து ஆண்டுகள் அதில் போனவள். அதற்கு முன் ஸ்லீப்பரே ஆடம்பரம் என்று முன்பதிவில்லாப் பெட்டியில் இரவு முழுதும் நின்று போனவள். இந்த மாற்றம் முழுதாக நிகழ எனக்கு இரண்டே ஆண்டுகள் பிடித்தன. திரும்பி இறங்க முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. முதுகு வலி நல்ல காரணம்.

பணம் கூடக்கூட எல்லாச் செலவும் சிறிதாகத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் அனுபவம் வேறு. சில பொருள்களின் விலை இன்றும் என்னைச் சுடுகிறது, சில சுடவேயில்லை. ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கொடுக்க இன்றும் மனம் வராது. உணவகத்தில் பழச்சாற்றின் விலையைப் பார்த்ததும் தண்ணீர் போதும் என்பேன். நெகிழிப் பைகளைக் கழுவிக் காயவைப்பேன். இவையெல்லாம் 2,800 ரூபாய்ச் சம்பளத்தில் நான் ஆசைப்பட்டு, விலை கேட்டு, திரும்பி வந்த பொருள்கள். அப்போது பட்ட சூடு தழும்பாகிவிட்டது. அந்த வயதில் நான் கண்ணாலும் பார்த்திராத பொருள்களுக்குத் தழும்பு இல்லை. மாடுலர் கிச்சன் என்ற சொல்லையே நான் 2009இல்தான் கேள்விப்பட்டேன்.

அதன் கதை இது. அந்த ஆண்டு வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு வாங்கினோம். கட்டுநர் அலுவலகத்தில் கடைசிக் கையெழுத்தின்போது ஒரு தாளை நீட்டினார்கள். சமையலறைப் பலகைகளை மேல்தர வகையாக மாற்றினால் 85,000 ரூபாய் அதிகம். முப்பது லட்சம் ரூபாய்க் கடன் பத்திரத்துக்குப் பக்கத்தில் எண்பத்தைந்தாயிரம் எப்படித் தெரியும்? பருப்புக் குழம்பில் கூடுதலாக ஒரு மிளகாய் மாதிரி. பத்து நிமிடத்தில் தலையாட்டினேன். வெளியே வந்து, ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார் என்று ரயில் நிலையம் வரை மே மாத வெயிலில் நடந்தேன். நடந்த பெருமையில் அன்று இரவு கணவரிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார். அந்தப் பலகைகளின் காசைச் சேமிக்க நான் இப்படி 2,125 முறை நடக்க வேண்டும். தினம் ஒரு முறை என்றாலும் ஆறு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவு. இருவரும் சிரித்தோம். எனக்கு முழுச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு மட்டும் உள்ள கோளாறோ என்று நினைத்திருந்தேன். ஏமோஸ் த்வேர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1981இல் வெளியிட்ட சோதனை ஒன்றைப் பிற்பாடு படித்தபோது ஆறுதலாக இருந்தது. 15 டாலர் கால்குலேட்டர், இருபது நிமிடத் தொலைவிலுள்ள கிளைக் கடையில் 5 டாலர் குறைவாகக் கிடைக்கும் என்றால் போவீர்களா என்று கேட்டார்கள். 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். கால்குலேட்டர் 125 டாலர் என்று மாற்றிக் கேட்டதும் அது 29 சதவீதமாகச் சரிந்தது. மிச்சமாவது அதே 5 டாலர், அலைவது அதே இருபது நிமிடம். ஐந்து ரூபாய்க்குக் கீரைக்காரம்மாவிடம் மல்லுக்கு நின்றுவிட்டு, நகைக்கடையில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்க வெட்கப்படுகிறோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். நாம் கிணற்றில் போடுவதை அளக்கிறோம், ஆற்றில் போடுவதை அப்படியே கொட்டுகிறோம்.

நகை என்றதும் நினைவு வருகிறது. எங்கள் வீட்டில் எந்த வருமானத்திலும் ஊதாரித்தனப் பட்டியலில் ஏறாத ஒரே பொருள் தங்கம். 2000இல் பவுன் நாலாயிரத்துக்கும் கீழே இருந்தபோது நான் வாங்கிய இரண்டு பவுனுக்கு அம்மா குரோஸ் கணக்கே கேட்கவில்லை. அதே மாதம் நான் வாங்கிய மிக்ஸிக்குக் கேட்டாள்.

எது ஆடம்பரம் என்பதில் வீடுகளை விட அரசாங்கம் அதிகமாகத் தடுமாறியிருக்கிறது. 1957இல் நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி, கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் சொன்ன யோசனைப்படி, வசதியானவர்களின் வருமானத்துக்கு மட்டுமன்றிச் செலவுக்கும் வரி விதித்தார். எது அளவுக்கு மீறிய செலவு என்று அரசே கோடு கிழித்தது. 1962இல் அந்த வரியை நீக்கினார்கள், 1964இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1966இல் கைகழுவினார்கள். நம் காலத்தில் ஏ.சி.க்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பரில் 18 ஆனது. எங்கள் மே மாதத்தில் ஏ.சி. எந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. 1990இல் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

நாடு முழுவதுமே ஓரளவுக்கு இடம் மாறியிருக்கிறது. 1999-2000இல் கிராமப்புறக் குடும்பச் செலவில் சாப்பாட்டுக்குப் போனது 59 சதவீதம். 2022-23இல் அரசு எடுத்த குடும்பச் செலவு ஆய்வில் அது 46 சதவீதம், நகரங்களில் 39. மீதிப் பணம் போகிற இடங்களுக்கெல்லாம் நம் தாய் தந்தையர் விட்டுச்சென்ற பழக்கம் எதுவும் இல்லை. அரிசி வாங்க அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். செல்போன் திட்டம் வாங்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இப்போது சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத விஷயம். 2017இல் அலுவலகத்தில் நான் ஒரு குழுவின் தலைவி. உடன் வேலை பார்த்தவர் ஒருவர் விடைபெற்றுப் போனார். விருந்தும் பரிசும் கொடுக்கலாம், ஆளுக்கு 1,500 ரூபாய் என்று நான்தான் முடிவு செய்தேன். சேர்ந்து ஐந்து மாதமான பையன், பெரம்பலூர்ப் பக்கம், மாலையில் என் மேசைக்கு வந்து நின்றான். “மேடம், இரண்டு தவணையாகத் தரலாமா?” என்றான்.

என் கையில் இருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது. 1995இல் எங்கள் மேலதிகாரி மகளின் கல்யாணப் பரிசுக்கு ஆளுக்கு நூறு ரூபாய் வசூலித்தார்கள். அந்த மாதக் கடைசி வாரம் நான் இரவுச் சாப்பாட்டை விட்டேன். இதே கேள்வியைக் கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. நூறு ரூபாயை ‘அதெல்லாம் ஒரு காசா’ என்று கேட்ட அந்த மேலதிகாரியின் உதவியாளரை மனத்துக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! அந்த நாற்காலியில் இப்போது நான். யாரையும் நான் அவமதிக்க நினைக்கவில்லை. 1,500 ரூபாய் என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வசதி வந்தால் மனம் கெட்டுப்போகும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். எனக்குக் கெட்டது பார்வை. கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குவதைப் போல, சின்னத் தொகைகள் மங்கிவிட்டன. அவை யாருக்குப் பெரிய தொகையோ அவர்களும் சேர்ந்து மங்கிவிட்டார்கள்.

அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் வசூல் என்றால் ஓர் உறையை மேசை மேசையாக அனுப்புவோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதுவதில்லை, குறைந்தால் மேலே இருப்பவர்கள் நிரப்ப வேண்டும். உணவகத்துக்குப் போவதென்றால் குழுவில் மிகக் குறைந்த சம்பளக்காரர் தன் காசில் குடும்பத்தோடு போகக்கூடிய இடமாகப் பார்ப்போம். இதைச் சொந்தக்காரர்களிடமும் கடைப்பிடிக்கிறேன். அக்கா தங்கைகள் சேர்ந்து ஊருக்குப் போகும்போது எந்த வண்டி, எந்த விடுதி என்பதை வசதி குறைந்த தங்கைதான் முதலில் சொல்ல வேண்டும். ‘நான் கொடுத்துவிடுகிறேன்’ என்று சொல்லி வாயை அடைப்பது எளிது. இரண்டு முறை அப்படிச் செய்தேன். மூன்றாம் முறை தங்கைக்கு ஏதோ வேலை வந்துவிட்டது, வரவில்லை. அதற்கு அடுத்த முறையும்.

என் மகனுக்கு வயது இருபத்திரண்டு. அவனுக்குத் தழும்பே இல்லை. வாரம் நான்கு நாள் சாப்பாட்டை வீட்டுக்கு வரவழைக்கிறான். கொண்டுவரும் கட்டணம் மட்டும் முறைக்கு அறுபது ரூபாய். ஆண்டுக்கு 12,480 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். “அம்மா, ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க நீங்கள் ஒரு மணி நேரம் அலைகிறீர்களே, அந்த நேரத்துக்கு விலை இல்லையா?” என்று கேட்டான். பதில் தெரியாமல் இரண்டு நாள் யோசித்தேன். அவன் கேட்டது நியாயம். நான் அலைந்த நேரமெல்லாம் வீண்தான். ஆனால் அவன் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போனது என்று கவனித்தேன், செல்போனில் போனது. இதை அவனிடம் சொன்னபோது அவன் செல்போனில் இருந்தான்.

இத்தனை தடுமாற்றத்துக்குப் பிறகு என்னிடம் தங்கிவிட்ட பழக்கங்கள் சில உண்டு. அம்மாவின் குரோஸைப் போல எனக்கும் ஓர் அளவு தேவைப்பட்டது. முதலில் நாள் சம்பளத்தை வைத்துப் பார்த்தேன்; எல்லாமே மலிவாகத் தெரிந்தது, ஏனென்றால் கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் அந்தச் சம்பளத்துக்குள்ளே ஒளிந்திருந்தன. எல்லாம் போக மாதம் மிஞ்சுவதை முப்பதால் வகுத்தால் வருவதுதான் சரியான அளவு. 2010இல் எங்களுக்கு அது 900 ரூபாய். அப்படியானால் கணவர் ஆசைப்பட்ட 27,000 ரூபாய்ச் செல்போன் ஒரு முழு மாதத்தின் மிச்சம். அவர் வாங்கினார், ஆனால் நான்கு மாதம் யோசித்து வாங்கினார். அம்மாவின் குரோஸ் உழைப்பை அளந்தது, என்னுடையது மிச்சத்தை அளக்கிறது. இரண்டிலும் ரூபாயின் போலிப் பார்வை விலகுகிறது. சம்பளம் உயரும்போது இந்த எண்ணை மாற்றுவதில் மட்டும் சோம்பலாக இருப்பது நல்லது.

புதுச் சௌகரியத்தை முதல் முறை அனுபவிக்கும்போது நான் என்னைத் தடுப்பதில்லை. ஒருமுறை விமானத்தில் போகலாம், ஒருமுறை நல்ல விடுதியில் தங்கலாம். அந்த ஒருமுறை தருகிற மகிழ்ச்சிக்கு ஈடில்லை. இரண்டாம் முறைதான் எனக்கு எச்சரிக்கை மணி. இரண்டாம் முறை பழக்கத்தின் வாசல், மூன்றாம் முறை அதுவே தரையாகிவிடும். அதனால் இரண்டாம் முறைக்கு முன் ஓர் இடைவெளி விடுகிறேன், ஆறு மாதமாவது. நடுவில் பழையதற்கும் ஒருமுறை போய்விட்டு வருகிறேன். ஆண்டுக்கு ஒரு பயணம் இன்றும் ஸ்லீப்பரில்தான், முதுகு வலியோடு. பெரிய பில்லில் சேர்ந்து வரும் சின்னப் பொருளைத் தனியாகப் பிரித்து, இதை மட்டும் விற்கும் கடைக்கு நான் பஸ் ஏறிப் போயிருப்பேனா என்று கேட்டுக்கொள்கிறேன். காருக்கான மேற்பூச்சு, வீட்டுக்கான மரவேலை, கல்யாண மண்டபத்துப் பூ அலங்காரம் எல்லாம் இந்தக் கேள்வியில் பாதியாகக் குறைந்திருக்கின்றன. அன்றன்றே கையெழுத்துப் போடுவதில்லை.

தினமும் உடம்பில் படுகிற பொருளுக்குக் கஞ்சத்தனம் காட்டுவதையும் விட்டுவிட்டேன். மெத்தை, மூக்குக் கண்ணாடி, உட்காரும் நாற்காலி, செருப்பு. இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை பெரிது. அதைக் கொடுத்தது அம்மா.

2017 வாக்கில் அம்மாவுக்குக் காது மந்தமானது. மதுரையில் மருத்துவர் இரண்டு காதுக்கும் கருவி பொருத்தச் சொன்னார். நல்லதாக வேண்டுமென்றால் லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார். அம்மா கேட்ட மாத்திரத்தில் எழுந்து நடக்கத் தொடங்கினாள். “எழுபத்திரண்டு வயதில் கேட்டு என்ன ஆகப்போகிறது?” நான் தடுக்கவில்லை. அம்மாவின் பிடிவாதம் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்கும் அது அதிகமாகத்தான் பட்டது. காதில் மாட்டுகிற ஒரு சின்னப் பொருளுக்கு லட்சமா? மூவாயிரம் ரூபாயில் ஒலிபெருக்கி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கியது, அம்மா அதைக் கழற்றிப் பரணில் போட்டாள். அடுத்த ஆண்டு நாங்கள் பழைய காரை மாற்றினோம். பழையதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காரின் விலைக்கு நான் ஒரு நிமிடமும் திகைக்கவில்லை, ஏனென்றால் 2,800 ரூபாய்ச் சம்பளக்காரிக்குக் கார் என்பது விலை கேட்டுத் திரும்பிய பொருளே அல்ல. ஐந்து ஆண்டுகள் தொலைபேசியில் அம்மா ‘ம்’ என்றும் ‘சரி தாயி’ என்றும் மட்டும் சொன்னாள். நான் சொன்னது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

2022 ஜூன் மாதம் அவளைக் கேட்காமலே ஏற்பாடு செய்தேன். இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம். பொருத்திக்கொண்டு மதுரையிலிருந்து வீடு திரும்பிய மாலை, அம்மா முதலில் மேலே பார்த்தாள். “இந்த மின்விசிறி இவ்வளவு சத்தமா போடுகிறது?” என்றாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்ததற்குத் திரும்பினாள். தெருவில் போன பால்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்து, என் எதிரே உட்கார்ந்தாள்.

“எவ்வளவு ஆயிற்று?”

பன்னிரண்டாயிரம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பத்தொன்பது ஆண்டுப் பழக்கம்.

“ஒரு லட்சத்து இருபதாயிரம்” என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தீப்பெட்டி இப்போது என்ன விலைக்கு விற்கிறது?” என்று கேட்டாள்.

அதற்கு முந்தைய டிசம்பரில்தான் விலை ஏற்றியிருந்தார்கள். 2007இலிருந்து பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த பெட்டி; குச்சியை முப்பத்தாறிலிருந்து ஐம்பது ஆக்கி விலையை இரட்டித்திருந்தார்கள். “இரண்டு ரூபாய்” என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மடக்கினாள். உதடு அசைந்தது. “நானூற்றுப் பதினாறு குரோஸ்” என்றாள். “போக, தொண்ணூற்றாறு பெட்டி.”

என் வாழ்நாளில் அவள் விற்கிற விலையில் கணக்குப் போட்டுப் பார்த்ததேயில்லை. எப்போதும் கூலியில்தான் போடுவாள். கூலியில் போட்டிருந்தால் அவள் இன்னொரு முறை பிறந்து ஒட்ட வேண்டியிருக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அவ்வளவுதானே” என்றாள். “பரணில் உன் அப்பாவின் ரேடியோ இருக்கும், எடு. பாடுகிறதா பார்ப்போம்.”